புள்ளியைத் தின்ற புரோகிராம்

குழந்தைகள் வார்டில் மருந்து ஏற்றும் பம்புக்கு அளவு சொல்கிற புரோகிராம் அது. எழுதியவர் கம்ப்யூட்டர் கம்பெனி முதலாளியின் மைத்துனர். அவருக்கு ‘மேதை’ என்று பட்டம் கட்டியவள் அங்கே புரோகிராம்களைச் சோதிக்கும் பிரிவில் இருந்தவள். கிண்டல் என்பதுகூட விளங்காமல் அவர் அதை மெய்யென்றே நம்பிக்கொண்டு திரிந்தார்.

தன் புரோகிராம் ஒருநாளும் ‘எரர்’ காட்டி நிற்காது என்பது மேதையின் பீற்றல். எப்படி நிற்கும்? அளவுக் கட்டத்தில் எதைத் தட்டினாலும், இலக்கம் தவிர மற்றதையெல்லாம் வழித்தெறிந்துவிட்டு மிச்சத்தை எண்ணாக எடுத்துக்கொள்ளும். அவள் ‘யானை 3’ என்று தட்டிப் பார்த்தாள். மூன்று மில்லி என்று சமர்த்தாக வாங்கிக்கொண்டது. 0.5 என்று தட்டினாள். புள்ளியை விழுங்கிவிட்டு ஐந்து என்றது. அரை மில்லி போகவேண்டிய பச்சை உடம்பில் பத்து மடங்கு. தசமத்தைத் தசமமாக வாங்கு, எண் அல்லாததைத் திருப்பி அனுப்பு, மேல்வரம்பு ஒன்று வை என்பதெல்லாம் கற்றுக்கொள்ள வந்த முதல் மாதமே சொல்லித்தரும் சங்கதி. இந்த மனிதருக்கு அதற்கும் வக்கில்லை.

அவள் அதை அவரிடம் சொல்லவில்லை. முன்பொரு தடவை வேறொரு பிழையைக் காட்டியபோது, “நீ பட்டனை அழுத்துற வேலைய மட்டும் பாரும்மா” என்று எல்லோர் முன்னாலும் வாயை அடைத்திருந்தார். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸுக்குச் செய்துகாட்டப் போகிறார் அல்லவா, அங்கேயே மூக்கு உடையட்டும். வார்டுக்குப் போகுமுன் திருத்திக்கொள்ளலாம் என்று நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

வியாழனன்று மேதை அரை மணி நேரம் பெருமை அளந்தார். பிறகு நர்ஸ் கட்டத்தில் 0.5 என்று தட்டினார். திரையில் ஐந்து வந்தது.

“பாத்தீங்களா, ஒரு எரர்கூட வரல” என்றார் மேதை.

சோதனைக்காரி சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டாள். நர்ஸின் முகம் வெளுத்துவிட்டது.

“காலையிலேயே இதை எங்க வார்டுல போட்டுட்டீங்களே” என்றார்.

முதலாளியிடம் நல்ல பெயர் வாங்க, யாரையும் கேட்காமல் மேதையே போய்ப் போட்டுவிட்டு வந்திருந்தார். நர்ஸ் வார்டுக்குப் போன் செய்து எல்லாப் பம்பையும் நிறுத்தச் சொன்னார். மறுமுனையில் இருந்தவள், ஒரு குழந்தைக்கு ஏற்கெனவே ஏறி முடிந்துவிட்டது, டாக்டர் பக்கத்தில்தான் இருக்கிறார் என்றாள்.

“இப்படி ஆகும்னு யாருமே எங்கிட்ட சொல்லலையே” என்றார் மேதை.

அந்த மனிதர் வாயிலிருந்து அன்றுவரை உருப்படியாக ஒரு வார்த்தை வந்ததில்லை. இது மட்டும் உண்மை. சோதனைக்காரி தலையை நிமிர்த்தவே இல்லை.