கயிறு நன்றாக இருந்ததாம்

கப்பலைத் துறைமுகத்தில் கட்டும்போது கயிறு அறுந்து கஜேந்திரனின் வலது முழங்காலில் அடித்தது. எலும்பு நொறுங்கிவிட்டது. ஆபிரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தவனை, ஊன்றுகோலோடு புளத்கொகுபிட்டிய ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

அடுத்த மாதம், அவனைக் கப்பலுக்கு அனுப்பிய கொழும்பு ஏஜண்ட் ஒரு கடிதத்தோடு வந்தார். கையெழுத்துப் போட்டால் நஷ்டஈடு உடனே கிடைக்கும் என்று சிங்களத்தில் சொன்னார். மனைவி விஜயகலா விடவில்லை. கடிதத்தோடு அவனைக் கேகாலையில் சட்டத்தரணி நுஸ்ஹாவிடம் கூட்டிப்போனாள்.

நுஸ்ஹா வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "கயிறு நல்லா இருந்துச்சு, நீங்கதான் நிக்கக்கூடாத எடத்துல நின்னீங்கன்னு எழுதியிருக்கு. இனி வழக்குப் போட மாட்டேன்னும் இருக்கு."

"கயிறு நைஞ்சு போயிருந்துச்சு மிஸ். நான் ரெண்டு தடவ சொன்னேன்."

"அதப் பார்த்த ஆள் இருக்கா?"

இருந்தான். பக்கத்து லயத்துச் சசி. கஜேந்திரன்தான் அவனைக் கப்பல் வேலையில் சேர்த்துவிட்டவன். சசி இன்னும் அதே கப்பலில் இருந்தான். வீட்டுக்கு வந்ததும் கஜேந்திரன் அவனை வாட்ஸ்அப்பில் பிடித்தான்.

"அண்ணே, நான் வாயத் தெறந்தா அடுத்த துறைமுகத்துலயே எறக்கி விட்டுருவாங்க. அம்மாவுக்கு நான் மட்டுந்தான்."

"சரி, நீ ஒண்ணும் சொல்ல வேணாம்." போனை வைக்கப் போனவன் சும்மா கேட்டான். "கயிற மாத்திட்டாங்கல்ல?"

"அதே கயிறுதான். அறுந்த எடத்துல பின்னிச் சேத்திருக்காங்க."

"இப்ப அதுக்கிட்ட யாரு நிக்கிறது?"

"நான்தான்."

மறுநாளே கஜேந்திரன் திரும்பவும் நுஸ்ஹாவிடம் போனான். கடிதத்தில் கையெழுத்துப் போடுவதில்லை என்றான். கயிற்றைப் பற்றி எங்கே முறையிடலாம் என்று கேட்டான்.

"கப்பல் போற துறைமுகத்துப் பரிசோதகர்களுக்கு எழுதலாம். யார் சொன்னதுன்னு அவங்க வெளிய விடமாட்டாங்க. ஆனா கம்பனி கப்பல்ல இருக்கவங்களச் சந்தேகப்படும்."

"எழுதுங்க மிஸ்."

பரிசோதகர்கள் கப்பலில் ஏறினார்கள். புதுக் கயிறு போடும்வரை கப்பலைப் போகவிடவில்லை. பத்தாம் நாள் சசி பெட்டியோடு தோட்டத்துக்கு வந்துவிட்டான். நேரே கஜேந்திரனிடம்தான் வந்தான்.

"நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா."

"என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா வேணாம்னிருப்ப."

சசி அவனுடைய காலைப் பார்த்தான். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து அவன் தாய் புஷ்பம், ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் விஜயகலா பக்கத்தில் நிற்பதில்லை. கஜேந்திரனுக்காக வாயைத் திறக்காமல் இருந்தால் வேறு கப்பல் தருவதாக ஏஜண்ட் சசியிடம் சொல்லியிருப்பதாகக் கேள்வி. அதுவரை அவன் குருவிட்டவில் மாணிக்கக்கல் தோண்டும் குழியில் இறங்கி வேலை செய்கிறான்.

நுஸ்ஹா சாட்சி இல்லாமலே வழக்குப் போட்டார். மூன்று தவணை தள்ளிப்போய்விட்டது. முழங்கால் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.