மாஸ்டர் பிடித்த கயிறு

மாஸ்டருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்தார், மறுபடி மூடினார். பிறகு போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அங்கே பொட்டலம் சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தது. அவர் முகத்தைக் கண்டதும் இன்னும் கொஞ்சம் பின்னால் நகரப் பார்த்தது. அதற்கு மேல் சுவர் இடம் கொடுக்கவில்லை.

பொட்டலம் அவர்கள் வீட்டு நாய். குட்டியாக ஒரு துண்டில் சுற்றிக் கொண்டு வந்தபோது மாஸ்டரின் மனைவி வைத்த பேர் அது. மடியில் ஏறினால் இறங்கத் தெரியாத ரகம். மாஸ்டரோ டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக் கொடுப்பவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கிய பிறகுதான் லைசென்ஸ் வாங்கினார்கள். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்து இருக்கையில் இவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை நம்பித்தான் பிழைப்பே. எது நடந்தாலும் முதலில் வண்டியை நிறுத்து, மற்றதை அப்புறம் பேசலாம் என்பது அவர் கட்சி.

நாய்க்குக் கயிறு வாங்கப் போனபோதும் புத்தி அங்கேதான் போயிற்று. கைப்பிடிக்குள் சுருண்டு கிடந்து, நாய் நடக்க நடக்க நீளும் கயிறு அது. கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். "இதுல பிரேக் இருக்கு" என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் அழுத்தி அழுத்திக் காட்டினார். புதுக் கார் வாங்கியவன்கூட அவ்வளவு அலட்டியிருக்க மாட்டான்.

ஒரு நாள் காலை நடைக்குப் போனபோது மருந்துக்கடை முனையில், குப்பைத் தொட்டிக்குப் பின்னாலிருந்து பழுப்பு நிறத் தெருநாய் ஒன்று பாய்ந்து வந்தது. பொட்டலம் அதை முதலிலேயே பார்த்துவிட்டது. வாலைச் சுருட்டிக்கொண்டு ஓட்டம் எடுத்தது. கடைக்குப் பக்கத்து வீட்டு கேட் திறந்துதான் கிடந்தது, ஓடியிருந்தால் உள்ளே நுழைந்து தப்பித்திருக்கும். ஆனால் மாஸ்டரின் கட்டைவிரல் பொத்தானை அழுத்திவிட்டது. பிரேக் அங்கே இருப்பது போல வலது கால் வேறு தரையை ஓங்கி மிதித்தது. கயிறு விறைத்து, பொட்டலம் நடுத்தெருவில் மல்லாந்து விழ, தெருநாய் அதன் தொடையைக் கவ்வியது. மருந்துக்கடைக்காரர் ஓடி வந்து ஒரு வாளித் தண்ணீரை விசிறி ஊற்றிய பிறகுதான் விட்டது. அதுவரை மாஸ்டரின் விரல் பொத்தானை விட்டு எழவே இல்லை.

வீட்டில் அவர் சொன்ன கதை வேறு. எங்கிருந்தோ வந்தது, கண் மூடித் திறப்பதற்குள் கடித்துவிட்டது, விட்டார் ஒரு உதை, ஓடியே போய்விட்டது. மனைவி எதையும் குடையவில்லை. அவர் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவர், பதறுவதற்கெல்லாம் நேரம் ஒதுக்குவதில்லை. காயத்தைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டில் சுற்றி, கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார். தையல் போட்டார்கள், வெறிநாய்க்கடிக்கு ஊசி போட்டார்கள், காயத்தை நக்காமலிருக்கக் கழுத்தில் புனல் மாதிரி ஒரு வளையம் மாட்டினார்கள். இரண்டாம் நாளே மனைவி அந்தப் பொத்தான் கயிற்றைக் குப்பையில் போட்டுவிட்டு, சாதாரணத் துணி வார் ஒன்று வாங்கி வந்தார். ஏன் என்று கேட்க மாஸ்டருக்கு வாய் வரவில்லை.

இப்போது தையல் பிரித்தாயிற்று. நடையும் நேராகிவிட்டது. மனைவி கூப்பிட்டால் பொட்டலம் துள்ளிக்கொண்டு வெளியே போகிறது. மாஸ்டர் வாரைக் கையில் எடுத்தால் மட்டும் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுகிறது. வேறு என்ன தண்டனை வேண்டும் ஒரு மனுஷனுக்கு? இனி அது தன்னிடம் வரவே வராதோ என்ற பயம் அவரை உட்கார விடவில்லை, சாப்பிட விடவில்லை. பிஸ்கட்டை நீட்டிக் கெஞ்சினார். தரையில் குப்புறப் படுத்து, அதுவும் இவரும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி அரை மணி நேரம் கிடந்தார். எழுந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். ஒரு நாள் தடியோடு அந்தத் தெருநாயைத் தேடிப் போனார். அது ஒரு கொட்டாவி விட்டுவிட்டு இவரைப் பார்த்தது. இவர் தடியைக் குடை மாதிரி அக்குளில் இடுக்கிக்கொண்டு நல்ல பிள்ளையாகத் திரும்பி வந்தார்.

வேலையிலும் இதே லட்சணம்தான். பிளாஸ்டிக் பை பறந்தால் பிரேக். ஓரத்தில் யாராவது தும்மினால் பிரேக். கற்றுக்கொள்ள வந்தவர்கள் முன்னும் பின்னும் ஆடி ஆடிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். இப்படியே போனால் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று முதலாளி ஜாடையாகச் சொன்னார். மாஸ்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று ஸ்டியரிங்கில் ஒரு பள்ளிக்கூட டீச்சர். நிதானமாக ஓட்டுகிறவர். முன்னால் ஒரு நாய் தெருவைக் கடந்தது, மாஸ்டரின் கால் பிரேக்கைத் தரையோடு தரையாக அழுத்தியது. பின்னால் வந்த ஸ்கூட்டர் டமாலென்று காரில் வந்து மோதியது. நல்ல வேளை, ஆளுக்கு அடியில்லை. ஸ்கூட்டர்காரர் கத்தத் தொடங்க, மாஸ்டர் வழக்கம்போல டீச்சர் பக்கம் திரும்பித் திட்ட வாயைத் திறந்தார். டீச்சர் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமலே சொன்னார்.

"நாயை நான் பார்த்துட்டேன் மாஸ்டர். அது போறதுக்கு இடமும் விட்டிருந்தேன். நீங்க நிறுத்தினதாலதான் இடிச்சது."

மாஸ்டர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். இறங்கிப் போய் ஸ்கூட்டர்காரரிடம் தப்பு தன்னுடையது என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டு, வெயிலில் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். மனசு அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

மனைவி சமையலறைத் தரையில் உட்கார்ந்து பொட்டலத்தின் காதைச் சொறிந்து கொண்டிருந்தார். மாஸ்டர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றார்.

"நான் உதைக்கலை. அது ஓடித் தப்பிக்கத்தான் பார்த்துச்சு. நான்தான் பிடிச்சு நிறுத்திட்டேன். கடிச்சப்பவும் விடலை."

"தெரியும். மருந்துக்கடைக்காரர் அன்னைக்கே சொல்லிட்டார்."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டா இன்னொரு கதை சொல்வீங்க. அதையும் கேக்க எனக்குத் தெம்பு இல்லை."

அவர் குரலில் கோபம் இருந்தது, நன்றாகவே இருந்தது. மாஸ்டர் அதை வாங்கிக்கொண்டு நின்றார். பிறகு மனைவி, தானும் அந்த முனைப் பக்கம் இதுவரை போகவில்லை என்றார். பின்பக்கச் சந்திலேயே இரண்டு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறாராம். பயமாக இருக்கிறதாம். ஊரார் கையில் ஊசி குத்துகிறவர் வாயிலிருந்து அதைக் கேட்டபோது மாஸ்டருக்கு வெட்கமும் வருத்தமும் சேர்ந்து வந்தது. தன் பொய் இவரையும் அல்லவா தனியாகப் பயப்பட வைத்திருக்கிறது.

சாயங்காலம் மூவரும் கிளம்பினார்கள். வார் மனைவி கையில். மாஸ்டர், பொட்டலம் மிரளாத தூரத்தில், நாலடி முன்னால் போனார். மருந்துக்கடை முனை வந்ததும் குப்பைத் தொட்டியருகே படுத்திருந்த பழுப்பு நாய் எழுந்து நின்றது.

மனைவி அப்படியே நின்றுவிட்டார். வாரை மாஸ்டர் பக்கம் நீட்டினார்.

"நீங்க பிடிங்க. என்னால முடியலை."

மாஸ்டர் வந்து வாங்கிக்கொண்டார். இழுத்துப் பிடி, இழுத்துப் பிடி என்று உடம்பு முழுக்கக் கூவியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வாரைத் தளர்த்தினார், பொட்டலம் எந்தப் பக்கம் ஓடினாலும் கூடவே ஓடுவதென்று. பொட்டலம் பின்னால் பார்த்தது, பக்கவாட்டில் பார்த்தது. பிறகு விருட்டென்று வந்து அவர் கால்களுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது. தன்னிடமிருந்து ஒளியவில்லை, தன்னிடம் வந்து ஒளிகிறது என்று புரிய அவருக்கு ஒரு கணம் ஆயிற்று.

பழுப்பு நாய் இவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொட்டியை மோந்துகொண்டு மறுபடி படுத்தது.

"திரும்பிடலாமா?" என்றார் மனைவி மெதுவாக.

"பொட்டலம் சொல்லட்டும்."

தெருவில் போகிறவர்கள் இவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பொட்டலம் அவர் காலிடுக்கில் மூக்கை மட்டும் வெளியே நீட்டி யோசித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் அவசரப்படுத்தவில்லை.