ஆறேகால் தட்டு

டக்... டக் டக்.

ஜெகதீஸ்வரி எழும்பவில்லை. கட்டில் சட்டத்தை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். மணி ஆறேகால்.

தொண்ணூற்றாறில் கொழும்பு வெள்ளவத்தையின் அந்த லொட்ஜில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. படிக்கட்டில் ஒரு தமிழ்ப் பேர் கேட்டால் போதும், கீழே துவக்கோடு காவல் நிற்கும் ஆமிக்காரன் நிமிர்ந்து பார்ப்பான். அதனால் ஆளுக்கு ஒரு தட்டு. ஒன்று, கொஞ்சம் பொறுத்து இரண்டு: இது அவள் கணவன் நாகேந்திரத்தினுடையது. எட்டு மாதத்துக்கு முன் அடையாள அட்டையை மேசையில் மறந்துவிட்டுப் பாண் வாங்கப் போனவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவனுடைய தட்டு மட்டும் தினமும் ஆறேகாலுக்கு வந்தது. ஓடிப்போய்த் திறப்பாள். வெறும் படிக்கட்டு.

"காது சத்தத்தைக் கொண்டுபோய்க் குடுக்கும், அவ்வளவுதான் பிள்ளை," என்றார் அவள் போய்க் காட்டிய டொக்டர். "அது என்னெண்டு முடிவெடுக்கிறது மூளை. நீங்கள் காத்துக்கொண்டே இருந்தால், காது ஒண்டும் குடுக்காமலே அது தட்டிப்போடும். எழும்பாதேங்கோ. விட முதல் கொஞ்சம் அடம்பிடிக்கும். பிறகு நிண்டிடும்."

பக்கத்து அறை பிறிஜெற்றும் விடவில்லை. "நெடுகக் கதவைத் திறந்து பாத்தால் கீழ நிக்கிறவனுக்குச் சந்தேகம் வரும். பிறகு உம்மையும் ட்ரக்கில ஏத்துவான்."

தட்டுக்கு எழும்பாமல் இருக்கத் தொடங்கி இன்று பதினோராவது நாள்.

மறுபடி தட்டியது. வழக்கமாக ஒரு தரம்தான். அடம்பிடிக்கிறது, சரி. கதவுச் சங்கிலி மெல்ல ஆடியது. கண்ணையும் பிடித்துவிட்டதா இந்த மூளை? அவள் கண்களை மூடினாள். மூன்றாம் தரம். பிறகு செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

வென்றுவிட்டாள். கட்டில் சட்டத்தை விட்டாள்.

பத்து நிமிடத்தில் பிறிஜெற் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"எங்க போனனீர்? உம்மட மனுசனை விட்டிட்டாங்கள். சந்தியில கண்டனான். மூண்டுதரம் தட்டினவராம், ஆள் இல்லையாம்."

"இப்ப எங்க?"

"கதைச்சுக்கொண்டு நிக்கேக்க ட்ரக் வந்தது. ஐசி கேட்டாங்கள், அட்டை இல்லையெண்டு ஏத்திக்கொண்டு போட்டாங்கள்." பிறிஜெற் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நான் வாய் திறக்கேல்லை, ஈசு."

மேசையில் அட்டை. படத்தில் இரண்டு காதும் தெரிய நேரே பார்த்துக்கொண்டிருந்தான். அதை எடுத்துக்கொண்டு சந்திக்கு ஓடினாள். பஸ்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. பொலிசில் அப்படி ஒரு ஆளே இல்லை என்றார்கள்.

மறுநாள் ஆறேகால். பிறிஜெற் துணைக்கு இருந்தாள்.

டக்... டக் டக்.

ஜெகதீஸ்வரி அட்டையுடன் எழுந்தாள்.

"என்ன? எங்க போறீர்?" என்றாள் பிறிஜெற்.

சங்கிலி ஆடவில்லை. அதை நன்றாகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கழற்றினாள்.