இருபத்து நான்கு நாற்காலிகளுக்கு நன்றி

ஆராதனை முடிந்து கமிட்டி கூடியபோது ஐந்து பேர் இருந்தார்கள். மேசையின் தலைப்பக்கம் போதகர். அவருக்கு வலப்புறம் பொருளாளர், நன்றாகக் கேட்கும் காதைப் போதகர் பக்கம் திருப்பிக்கொண்டு. எதிரே மாதர் சங்கத் தலைவி, மடியில் கைப்பை. ஜன்னலோரம், காற்று வருகிற இடமாகப் பார்த்து, லாரிக்காரர். கதவோரம் செயலாளர், கையில் கூட்டக் குறிப்பேடு. ஆலயத்திலிருந்து புது நாற்காலிகள் நாலுதான் தூக்கி வந்திருந்தார்கள். செயலாளருக்குப் பழைய ஸ்டூல்.

போன வியாழக்கிழமை அந்த நாற்காலிகள் இருபத்து நான்கும் ஆலய வாசலில் வந்து இறங்கின. முதுகு சாய முடியாத பெஞ்சுகளில் வயதானவர்கள் பிரசங்கம் முழுக்க நெளிந்ததற்கு அன்றோடு முடிவு வந்தது. வாங்கிக் கொடுத்தவர் செயலாளர். இரண்டு வருஷம் சாயங்காலங்களில் அச்சகத்தில் கூடுதலாக உட்கார்ந்து பிழை திருத்தியிருந்தார். அது அவர் மனைவியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காக அவர் ஒரு பட்டியலே போட்டு வேலை செய்தார்: வெளியூர்க் கடை, பெயர் இல்லாத ரசீது, தான் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துச் சரக்கு இறக்குவது. பதினொன்று வரை எண் போட்ட அந்தப் பட்டியலில் ஒன்றுதான் விட்டுப்போனது. சரக்கு யார் லாரியில் வரும் என்று அவர் கேட்கவே இல்லை.

லாரியின் நெற்றியில் இந்த லாரிக்காரர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. பொருளாளர் அதைப் பார்த்தார். அவ்வளவுதான், கொடுத்தவர் அவரே என்று ஆகிவிட்டது.

"மனுஷன்னா இப்படி இருக்கணும்," என்றார் பொருளாளர். "சத்தமில்லாம இறக்கிட்டுப் போயிட்டாரே!"

"என் முதுகுவலி போச்சுண்ணே. உங்க குடும்பம் நல்லா இருக்கணும்," என்றார் தலைவி.

லாரிக்காரர் வேட்டி நுனியைச் சரிசெய்தார். "அட, நான் என்னம்மா பெருசா செஞ்சுட்டேன்."

செயலாளருக்குக் காது மடல் சுட்டது. லாரிக்காரர் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. பேனாவைத் திறந்தார். "அண்ணே, குறிப்புல எழுதணும். கொடுத்தது நீங்கதான்னு எழுதிடவா?"

லாரிக்காரர் கையைத் தூக்கித் தடுத்தார். "வேண்டாம் தம்பி. கொடுத்தவன் பேரு வெளியே தெரிஞ்சா அப்புறம் அதுல என்ன இருக்கு?"

"பாத்தீங்களா தாழ்மையை!" பொருளாளர் மேசையைத் தட்டினார். போதகருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "நம்ம செயலாளர் கையால ஒரு நல்ல நன்றிக் கடிதம் போகட்டும். எழுத்துல அவரை விட்டா ஆளு ஏது?" என்றார் அவர்.

செயலாளர் வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் எழுத உட்கார்ந்தார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எட்டி வாங்கிப் படித்தாள். சரக்கு வந்த தேதி, நேரம், வண்டி எண், அப்புறம் 'தாங்கள் அளித்ததாகச் சொல்லப்படும் நாற்காலிகள்'.

"என்னங்க இது, நன்றிக் கடிதமா, போலீஸ் விசாரணையா?"

"சிரிக்காதே. என் வாயில இருந்ததைப் பிடுங்கி என்கிட்டேயே சொல்றான். அதுக்குக் கண்ணு வேற கலங்குறாங்க!"

"அப்போ அடுத்த ஞாயிறு எழுந்து நின்னு நான்தான்னு சொல்லிடுங்க. கை தட்டுவாங்க. அதை வாங்கிட்டு வந்துடுங்க."

"கைதட்டலுக்கா நான் கொடுத்தேன்?"

"அப்புறம் எதுக்கு வயித்தெரிச்சல்?"

அவர் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அவள் ஒரு சட்டையை உதறி மடித்தாள். "சின்னவ காய்ச்சல்ல கிடந்து பிழைச்சாளே, அன்னைக்கு டாக்டருக்கு மூணு பக்கம் எழுதினீங்க. 'நீங்களே எங்கள் குழந்தையைத் திருப்பிக் கொடுத்தீர்கள்'னு. நானும் கையெழுத்துப் போட்டேன். கொடுத்தவரு அதைப் படிச்சிருந்தா என்ன நினைச்சிருப்பாரு?"

"எவரு?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"தினமும் எவ்வளவு கொடுக்குறாரு. நன்றியெல்லாம் சம்பளம் கொடுக்குற மேனேஜருக்கும் டாக்டருக்கும்தான் போகுது. அதுக்காக நிறுத்திட்டாரா? உங்களுக்கு ஒரு தடவைதான் விலாசம் மாறியிருக்கு. அதுக்கே சோறு இறங்கல."

"ஆண்டவரையும் என்னையும் ஒரே தட்டுல வைக்கிறியா?"

"ஐயோ, அவரு பாவம்."

சிரிப்பு வரவில்லை அவருக்கு. ஆனால் எழுதியதைக் கிழித்தார். பொய்யும் எழுத முடியாது, இவன்தான் கொடுத்தான் என்று. வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, கையால் தொட்டுச் சொல்லக்கூடியதை மட்டும் எழுதினார். நாற்காலிகள் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தன. தங்கள் வண்டி அவற்றைப் பத்திரமாகச் சுமந்து வந்தது. எங்களில் இருபத்து நான்கு பேர் இப்போது சாய்ந்து உட்கார்ந்து வசனம் கேட்கிறோம். சபையின் மனமார்ந்த நன்றி.

கடைசியில் ஒரு வரி தானாக வந்து விழுந்தது: கொடுத்தவர் யார் என்பதைக் கர்த்தர் அறிவார்.

பார்க்க அழகான வரி. குற்றம் சொல்ல இடமில்லாத வரி. திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது, அது லாரிக்காரருக்கு எழுதியதில்லை, கர்த்தருக்கும் இல்லை. தன் முதுகில் தானே தட்டிக்கொள்ள எழுதியது. அடித்துவிட்டு அனுப்பலாம் என்று பார்த்தால், அடித்த வரியைத்தான் ஜனங்கள் முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிப்பார்கள். புதுத் தாள் எடுத்து, அந்த வரி இல்லாமல் முழுவதையும் மறுபடி எழுதினார். எழுதி முடிக்கிறவரை பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தார்.

உறையில் லாரிக்காரர் பெயரை எழுதும்போது பேனா காகிதத்தைக் குத்தியது. மனைவி பசையை நகர்த்தி வைத்தாள். ஒட்டினார், ஓரங்களைக் கட்டைவிரலால் அழுத்தினார், தபால்தலை நேராக இருக்கிறதா என்று பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு நடந்து, உறையைத் தபால்பெட்டிக்குள் பாதி விட்டு, ஒரு கணம் விரலை எடுக்காமல் நின்றார். பின்னால் ஒருவர் கடிதத்தோடு காத்திருந்தார். "சார், போடுறீங்களா இல்லையா?"

"போட்டுட்டேன்யா," என்று எரிந்து விழுந்து விரலை எடுத்தார்.