செதுக்காத சிப்பி

ஜாஃபர் சாதிக் எழுந்தான். பாயைச் சுருட்டினான். பல் துலக்கினான். மாமியார் ஷம்சாத் கொடுத்த டீயைக் குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான்.

"எம் புள்ள கடைசியா என்ன சொன்னா, மாப்பிள்ளை?"

"ஞாபகமில்ல மாமி."

அவன் மனைவி ஹுமைரா காய்ச்சலில் போனதிலிருந்து தினமும் இதே கேள்வி, இதே பதில். மறுநாள் அவனுக்கு ஷார்ஜா விமானம். அதற்குள் அவளைப் புதைத்த கபுரின் தலைமாட்டில் மீசான் கல் நட்டாக வேண்டும்.

கல் அரியலூரிலிருந்து வந்து வாசலில் கிடந்தது. மாமனார் அல்லா பிச்சை லாரிக்காரர்களிடம் எகிறிக்கொண்டிருந்தார்.

"கோயிலுக்கு வெட்டுனத நம்ம தலையில கட்டிட்டானுங்க! சிப்பி சிப்பியா செதுக்கியிருக்கான் பாருங்க மாப்பிள்ளை. உருவம் செதுக்குன கல்லக் கபுருல நடலாமா? ஏத்துங்கப்பா திரும்ப!"

ஜாஃபர் குனிந்தான். திருச்சியில் ஜியாலஜி படித்தவன். ஷார்ஜாவில் காத்திருந்ததோ சூப்பர்மார்க்கெட் வேலை.

ஒரு செம்புத் தண்ணீரைக் கல்மேல் ஊற்றினான். மங்கிக் கிடந்த மஞ்சள் கல் ஈரத்தில் விழித்துக்கொண்டது. விசிறி விசிறியாய் வரியோடிய சிப்பிகள். நடுவே சுருண்ட நத்தை ஒன்று. கத்தியால் கீறினான். சுலபமாகக் கோடு விழுந்து மாவு உதிர்ந்தது. அதன்மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தான். பொடிப்பொடியாய் நுரைத்தது.

"என்னங்க, கல்லுக்கு சர்பத்தா?" என்றார் மாமனார்.

"சுண்ணாம்புக்கல் மாமா. செதுக்குனதுன்னா மேலோட நின்னுரும். உள்ள பாருங்க."

அடிப்பக்கத்தைச் சுத்தியலால் தட்டினான். சில்லு ஒன்று பெயர்ந்தது. எந்த உளியும் எட்டாத அந்த ஆழத்தில் இன்னொரு சிப்பி இருந்தது. இரண்டு ஓடும் மூடியபடி, ஒரு வரிகூடக் கலையாமல். கடல் போன பிறகு முதல் வெயில் இப்போதுதான் அதன்மேல் விழுகிறது.

ஜாஃபருக்கு மயிர்க்கூச்செறிந்தது. பல நாளாக எதுவும் உறைக்காதிருந்த உடம்பு அது.

"இங்கயெல்லாம் கடல் மாமா. மனுஷனே பொறக்காத காலம். இது செத்து, சேத்துல அமுங்கி, கல்லாயிருச்சு."

அல்லா பிச்சை மெல்லக் குந்தினார். விரலால் தொட்டுப் பார்த்தார். "சுப்ஹானல்லாஹ்" என்றார். பிறகு லாரிக்காரர்களைப் பார்த்து, "ஏத்த வேணாம்பா, கெடக்கட்டும்."

கதவோரம் நின்ற ஷம்சாத் கேட்டார். "அப்ப யார் கையும் படலியா?"

"இல்ல மாமி. கெடந்தது கெடந்தபடி."

"அப்ப அவ சொன்னதையும் கெடந்தபடி சொல்லுங்க. நல்லதா இருக்கணும்னு இல்ல. நாளைக்கு நீங்க போயிட்டா நான் யாரப் போயிக் கேப்பேன்?"

அவன் அந்தச் சில்லை அவர் உள்ளங்கையில் வைத்தான். அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில், ஹுமைராவை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தான்.

"'கொஞ்சம் தள்ளி உக்காருங்க, காத்த மறைக்கிறீங்க'ன்னா."