பத்து நிமிட உறுமல்

அப்பாவின் கார் இரண்டு வருடமாக வாசலைத் தாண்டியதில்லை. ஆனால் உறுமாத நாளும் இல்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு படுத்த படுக்கையானவர் மகளுக்குப் போட்ட முதல் உத்தரவு அது. காலையில் கண் விழித்து மாத்திரையை விழுங்கியதும் அவள் கீழே போய் வண்டியைக் கிளப்ப வேண்டும். ஹெட்லைட்டைப் போட வேண்டும், வைப்பரை ஓட விட வேண்டும், ஏசியை முழு வேகத்தில் வைக்க வேண்டும், ஒரு தடவை ஹாரன் அடிக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்து அணைத்துவிட்டுச் சாவியைக் கொண்டுவந்து அவர் தலைமாட்டில் வைக்க வேண்டும். பஸ் டிப்போவில் மேற்பார்வையாளராக இருந்தவர். மாடி ஜன்னல் வழியாக அந்தச் சத்தம் வந்தால்தான் அவருக்கு டீ இறங்கும்.

வண்டியை ஓர் அடி நகர்த்த அவளுக்கு அனுமதி கிடையாது.

“அது உன் தம்பி வந்தா ஓட்டுற வண்டி. தூங்கிப் போகாம நீ பாத்துக்கிட்டாப் போதும்” என்பார்.

லைசென்ஸ் அவளிடமும் இருந்தது. பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்த நாளில், தன் சம்பளத்தில் கற்றுக்கொண்டு வாங்கியது. அப்பா அதை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, “போட்டோ நல்லா விழுந்திருக்கு” என்று திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான் அவர் அதைப் பற்றிப் பேசியது. அவர் விழுந்த மாதமே அவள் வேலையை விட்டாள். விடச் சொன்னது யார் என்று கேட்டால் யாருமில்லை. வேறு யார் விடுவது என்று யாரும் கேட்கவும் இல்லை.

போன வாரம் அந்தக் கூடத்தின் மேலாளர் அம்மாள் கூப்பிட்டாள். விடியற்காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவர ஆள் வேண்டும். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும். அப்பா கண் விழிப்பதற்குள் வீடு திரும்பிவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை, கையில் கார் இருக்க வேண்டும். “வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள வண்டியோட வந்து காட்டிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டுப் போ. அதுக்கு மேல நான் அடுத்தவளைக் கூப்பிட்டுடுவேன், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.”

அப்பாவிடம் கேட்டாள். “தம்பி வெள்ளிக்கிழமை வர்றான்ல? அவன் வாயால சரின்னா சரி” என்றார். தம்பியிடம் போனில் கேட்டாள். “நேர்ல பேசிக்கலாம்க்கா” என்றான். அதைப் பாதிச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, இலவு காத்த கிளி மாதிரி ஒரு வாரம் உட்கார்ந்திருந்தாள். வண்டியை இரண்டு தடவை கழுவிக்கூட வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை தம்பி வந்தான். அப்பாவின் காலடியில் உட்கார்ந்து டீ குடித்தபடியே சொன்னான்.

“வண்டியை இன்னைக்கே எடுத்துட்டுப் போயிடறேம்பா. இங்க சும்மாதானே நிக்குது. அங்க அவளும் பிள்ளைகளும் வெயில்ல அலையுதுங்க.”

“உன் வண்டிடா. யாரைக் கேக்கணும்?” என்றார் அப்பா.

“நான் கேட்டேனே தம்பி, வேலைக்குன்னு” என்றாள் அவள்.

தம்பி எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தான். கெட்டவன் இல்லை, பாசக்காரன்தான். “உனக்கு எதுக்குக்கா இந்த அலைச்சல்? விடிகாலைல தனியா எவன் வீட்டுக் கதவையோ தட்டிக்கிட்டு. நீ இங்க ராணி மாதிரி இரு.”

ராணி டம்ளரைக் கழுவப் போனாள்.

கீழே போன தம்பி சாவியைத் திருப்பினான். டிக் என்றது. மறுபடியும் திருப்பினான். டிக், டிக், டிக். பல்லி கத்துவது போல இருந்தது. டேஷ்போர்டில் விளக்குகள் மங்கலாகச் சிமிட்டிவிட்டுச் செத்தன.

“என்னடா சத்தம் வரல?” மாடி ஜன்னலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

“பேட்டரி டவுன்ப்பா!”

“எப்படி ஆகும்? இவ ஒழுங்கா ஸ்டார்ட் பண்ணியிருக்க மாட்டா. பத்து நிமிஷத்துக்கு அஞ்சு நிமிஷத்துல அணைச்சுட்டு ஓடி வந்திருப்பா. ஏம்மா, லைட்டெல்லாம் போட்டுப் பாத்தியா இல்லையா?”

“தினமும் போட்டேம்பா. எல்லாத்தையும் போட்டேன்.”

“போட்டாளாம்!” என்றது ஜன்னல்.

தம்பி தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டான். அவன் தன் வேனைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, சிவப்பும் கறுப்புமாக இரண்டு தடித்த கேபிள்களைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். தம்பி காரைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து, “பொண்ணு பாக்க வந்த மாதிரி சுத்தாதீங்க சார், பானட்டைத் திறங்க” என்றான். கேபிளை மாட்டித் தன் வேனைக் கிளப்பி, அதன் பேட்டரியிலிருந்து காருக்கு உயிர் கொடுத்தான். கார் ஒரு தடவை இருமிவிட்டு எழுந்துகொண்டது.

“யாரு தினம் ஸ்டார்ட் பண்ணி வெச்சது?”

“நான்தான்” என்றாள்.

“லைட்டு, ஏசி எல்லாம் போட்டு? பத்து நிமிஷம்?” அவன் தலையில் அடித்துக்கொண்டான். “வாயில ஒரு கரண்டி ஊட்டிட்டு வயித்துல ரெண்டு கரண்டி எடுத்திருக்கீங்கம்மா. நின்ன இடத்துல உறுமினா பேட்டரி ஏறாது. வண்டி ஓடணும். ரெண்டு வருஷம் தாங்கினதே பெரிசு.”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்குக் காது கேட்கவில்லை.

“இப்ப அரை மணி நேரம் நிக்காம ஓட்டிட்டு வாங்க. நடுவுல அணைச்சீங்க, அவ்வளவுதான், பொணம். என்னைக் கூப்பிடாதீங்க, எனக்கு நடுரோட்டுல இன்னொரு வண்டி காத்துக்கிட்டு இருக்கு.”

தம்பி கம்பீரமாக ஏறி உட்கார்ந்தான். கியரைப் போட்டான். கார் தவளை போல ஒரு துள்ளு துள்ளி அணைந்துபோனது. மெக்கானிக் மறுபடி கேபிளை மாட்டினான். மறுபடி ஒரு துள்ளு.

“அங்க ஆபீஸ் வண்டி ஆட்டோமேட்டிக். கிளட்ச்சே கிடையாது” என்றான் தம்பி, குற்றம் கிளட்ச்சின் மேல் என்பது போல.

“ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணலாம்” என்று முணுமுணுத்த மெக்கானிக், மூன்றாவது தடவையாகக் கேபிளை மாட்டினான். “வீட்டுல வேற யாருக்குத் தெரியும் ஓட்ட?”

கார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

“எனக்குத் தெரியும்” என்றாள்.

தம்பி மாடியைப் பார்த்தான். பிறகு, “சரி, ஒரு சுத்து சுத்திட்டு வரட்டும். பேட்டரிக்காக” என்றது குரல்.

தெருவைத் தாண்டும்வரை முதல் கியரிலேயே போனாள். பெரிய சாலைக்கு வந்ததும் கால் தானாகக் கிளட்ச்சை மிதித்தது. இரண்டாவது கியர், மூன்றாவது, நான்காவது. இத்தனை நாளும் உறுமலை மட்டுமே கேட்ட வண்டியில் இப்போது காற்றின் சத்தம் கேட்டது. கிளம்பும்போது எடுத்துவந்த பை பக்கத்து சீட்டில் இருந்தது, பைக்குள் லைசென்ஸ் இருந்தது. எந்தப் பக்கம் திரும்புவது என்று அவள் யோசிக்கவே இல்லை. கை பரிசோதனைக் கூடம் இருக்கும் பக்கம் திருப்பியது. மணி இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை. வண்டியைக் காட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும். போட்ட கையெழுத்தை வைத்துக்கொண்டு வீட்டில் சண்டை போடலாம். கையில் ஒன்றுமில்லாமல் போடும் சண்டைதான் இத்தனை வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தது.

கூடத்தின் வாசலில் பழைய காவலாளி அவளை அடையாளம் கண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். “வாங்கம்மா! வண்டியெல்லாம் வந்துடுச்சு! உள்ள விடுங்க, நிழல்ல இடம் இருக்கு.”

“அண்ணே, மேனேஜர் அம்மாவைக் கொஞ்சம் கீழ வரச் சொல்ல முடியுமா? வண்டியை அணைக்க முடியாது.”

“மேல மெஷின்கிட்ட நிக்கிறாங்க, அவங்க எங்க வர்றது? ரெண்டு நிமிஷம் போயிட்டு வாங்களேன்.”

“ஓட விட்டுட்டுப் போகட்டுமா?”

“ஐயோ, ஆளில்லாம ஓடுற வண்டியை உள்ள விட்டா என் சீட்டைக் கிழிச்சுடுவாங்க. அணைச்சுட்டுப் போங்கம்மா, யாரு தூக்கிட்டுப் போகப் போறா?”

அவள் கை சாவிக்குப் போனது. அணைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்தது. மேலே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து திருப்பினால், டிக். தம்பி மெக்கானிக்கை இழுத்துக்கொண்டு இங்கேயே வந்து நிற்பான். மேலாளர் அம்மாள் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்ப்பாள். விடியற்காலையில் கிளம்பாத வண்டியை வைத்துக்கொண்டு வேலை கேட்டு வந்தவள் என்று நினைப்பாள். “ஒரு சுத்து சுத்தச் சொன்னா எங்கயோ கொண்டுபோய்க் கொன்னுட்டா” என்று அப்பா சாகும்வரை சொல்வார். பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. இன்னொரு தடவை அடித்தது.

அவள் ரிவர்ஸ் கியரைப் போட்டாள்.

வீட்டு வாசலில் மெக்கானிக்கும் திரும்பி வந்திருந்தான். அவள் இன்ஜினை அணைக்காமல் இறங்கினாள். தம்பி உள்ளே கையை விட்டுப் பட்டென்று சாவியைத் திருப்பி அணைத்தான்.

“டேய்!” என்று கத்திவிட்டாள்.

அவன் சிரித்துக்கொண்டே மறுபடி திருப்பினான். கார் சட்டென்று, முக்கலும் முனகலும் இல்லாமல், கிளம்பியது. அணைத்தான், கிளப்பினான். “பாருக்கா, ஒரே திருப்புல எடுத்துக்குது!”

“எடுக்காம என்ன? பத்து நிமிஷம் ரோட்டுல ஓடினாலே எடுத்திருக்கும்” என்றான் மெக்கானிக், கேபிளைச் சுருட்டிக்கொண்டே. “அரை மணின்னு சும்மா மிரட்டி வெச்சேன். இல்லாட்டி நடுவுல கடைக்குக் கடை நிறுத்துவீங்க.”

அவள் பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

“சத்தத்தைக் கேளுடா!” என்றது ஜன்னல், பெருமை தாங்காமல். “ரெண்டு வருஷம் நான் வெச்சிருந்த வண்டி!”

மாலையில் மெக்கானிக் வண்டியை ஓட்ட, தம்பி பக்கத்தில் உட்கார்ந்து கையசைத்துவிட்டுப் போனான். போன் ஒரு தடவை அடித்தது. மேலாளர் அம்மாளின் எண். அவள் எடுப்பதற்குள் நின்றுவிட்டது. மறுபடி அடிக்கவில்லை.

மறுநாள் காலை அப்பா மாத்திரையை விழுங்கிவிட்டு ஜன்னல் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

“இன்னும் கீழ போகலையா நீ?”

“தம்பி எடுத்துட்டுப் போயிட்டான்பா.”

“ஆமால்ல.” கீழே கார் நின்ற இடத்தில் யாரோ ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தார்கள். “அப்ப சும்மாதானே இருக்க. அந்த ஜன்னலைச் சாத்து, தூசி வருது.”

அவள் சாத்தினாள்.