நேர்ந்துவிட்ட சேவலின் கழுத்து

1

இந்தக் கதை ஒரு குறுஞ்செய்தியில் தொடங்கியது. நோர்வேயில் இருக்கும் நண்பன் நிருஷன் அனுப்பினான்: "ஊர்ச் சேவலின்ரை கழுத்து இறகு எடுக்கலாமோ?" மீனை ஏமாற்றத் தூண்டில் முள்ளில் இறகைச் சுற்றிப் பொய் ஈ கட்டுவார்களாம். அது ஆற்றுநீரின் மேல் மிதக்கவேண்டுமாம். நான் பதில் போடவில்லை. பதிலுக்குக் கேதீஸ்வரன் என்று ஒருவனை உருவாக்கினேன்.

(முதல் வரி முதலில் இப்படி இருந்தது: உரும்பிராயின் செம்மண் தோட்டங்களுக்கு மேலாக ஒரு சேவல் கூவியபோது— வெட்டிவிட்டேன். சேவல் எங்கும்தான் கூவும்.)

2

கேதீஸ்வரன் குருநகர்ப் பக்கம் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் இரவு வேலையை விட்டவன். (நானும் விட்டவன்தான். அதற்கு மேல் ஒற்றுமை தேடாதீர்கள்.) கதைக்குள் நிருஷனுக்கு ஒரு தூண்டில் கடை கொடுத்தேன். கேதீஸ்வரன் மூன்று ஈ கட்டி அனுப்பவேண்டும். மிதந்தால் அந்தக் கடைக்குத் தொடர்ந்து கட்டும் வேலை. தாழ்ந்தால் திரும்ப ஐஸ்.

இறகைத் தெரிவுசெய்வது இப்படி. தண்டு மெல்லியதாக, இழைகள் விறைப்பாக இருக்கவேண்டும். அடியில் பஞ்சு கூடினால் தண்ணீர் குடிக்கும். இழையை உதட்டில் வைத்தால் குத்தவேண்டும், வருடினால் எறி. கடைக் கோழி ஆறு வாரத்தில் வெட்டுப்படுவது. அதன் இறகு வெறும் பஞ்சு. வீட்டுச் சேவலும் முற்றுமுன் கறியாகிவிடும். முற்றிய சேவல் ஒரே இடத்தில்தான் உண்டு: முருகன் கோயில் வீதியில், நேர்ந்துவிட்டது. அதை யாரும் அறுக்கமாட்டார்கள்.

3

அந்தச் சேவலை விட்டவர் கனகாம்பிகை. ஐந்து வருடத்துக்கு முன், மகள் தனுஷிகா டெங்குவில் கிடந்தபோது நேர்ந்தது. (அவரைக் கோபக்காரியாக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. அவர் பயந்தவர்.)

கொல்லத் தேவையில்லை, பத்து இறகு போதும் என்று கேதீஸ்வரன் விளக்கினான். விழுந்ததைப் பொறுக்கச் சொன்னார். விழுந்தது நுனி தேய்ந்தது என்றான்.

"பிள்ளை எழும்பிட்டாள். இனி நான் அதிலை கை வைக்கமாட்டன். நீயும் வைக்காதை."

4

முடிவு ஒன்று: விழுந்த இறகில் கட்டி, வாளித் தண்ணீரில் போடுகிறான். மூன்றும்— தெரிந்ததுதானே.

முடிவு இரண்டு: களவாகப் பிடுங்குகிறான். அவன் அப்படிப்பட்டவன்தான். ஆனால் சேவல் கத்தும், வீதியே திரும்பிப் பார்க்கும்.

மூன்றாவதை நான் யோசிக்கவில்லை. தனுஷிகாவே சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணை, மொட்டையடிச்சுப்போடாதேங்கோ. பேந்து முருகன்ரை கொடியையும் மாத்தவேண்டி வரும்."

அம்மா அறிந்தால் என்று கேதீஸ்வரன் இழுத்தான்.

"நேர்ந்தது என்ரை உயிருக்கு. நான்தானே சொல்லவேணும். கெதியா எடுங்கோ, கொத்தப்போகுது."

அவன் ஓர் இறகை விலக்கி வளைத்துப் பார்த்தான். நல்ல விறைப்பு.

இங்கே எழுத்து நின்றது. [நிற்கவில்லை. நிறுத்தினேன்.] பத்து இறகால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அடுத்த மாதம் அவளுக்கு ஒரு தடிமன் காய்ச்சல் வந்தாலே போதும். கனகாம்பிகை பிறகு நித்திரை கொள்ளமாட்டார்.

சேவல் இன்னும் அவள் கக்கத்தில்தான். பிடுங்கலாம் என்றால் சொல்லுங்கள், எழுதிவிடுகிறேன். தாயிடம் போய்ச் சொல்வது நீங்கள்.